அக்கா விலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அத்தானின் இடது முழங்கால் நீங்கலாக. நீயும் உன் மனைவியும் பெண்ணும் நலமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மாற்றுத் தகவல் வரும்வரை அதுதான் என் கணிப்பு.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் எதைச் சொன்னாலும் "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுவிட்டு, வைத்ததும் உன் இஷ்டப்படி செய்வாய். காகிதத்தில் இருந்தால் உன் மனைவியும் படிப்பாள். அதனால்தான் கூரியர். வருகிற வெள்ளிக்கிழமை உன் தொழிற்சாலையில் இன்னும் ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாகவும், இங்கே வந்து ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அதற்கு ஆதாரமாக என் அலுவலகத்தின் மாதச் செய்திமடலையே இணைத்திருந்தாய். "வட்டாரப் பொருளாதாரத்தில் மந்தநிலை தொடர்கிறது" என்ற வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ஓரத்தில் "கீழே யாரு கையெழுத்துன்னு பாருக்கா" என்று வேறு எழுதியிருந்தாய். பார்த்தேன். என்னுடையதுதான். அந்த மந்தநிலை எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தின் வேலை உனக்குத் தெரியாதது இல்லை. (தெரியாது. "அத்தை எதையோ எண்ணுறாங்க" என்றுதான் உன் பெண்ணிடம் சொல்லிவைத்திருக்கிறாய்.) புது மின் இணைப்பு எத்தனை, எடைமேடையில் ஏறிய லாரி எத்தனை, விற்ற சிமென்ட் எத்தனை மூட்டை என்று மாதாமாதம் வாங்கிவைப்போம். எல்லாவற்றிலும் பெரியது விலை. பதினேழு கடை, நாற்பத்திரண்டு பொருள். ஒவ்வொரு மாதமும் அதே கடை, அதே பொருள், அதே இரண்டாவது செவ்வாய்க்கிழமை. முப்பது வருஷம் இதைச் செய்தவர் எங்கள் களப்பணியாளர். கடைத்தெருவில் அவருக்குக் கறார் என்று பெயர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எந்தக் கடையிலும் உட்காரமாட்டார், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். அவரை ஒருவருக்கும் பிடிக்காது, ஆகவே அவர் கொண்டுவந்த எண்கள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. இந்த "ஆகவே"யின் அருமை எனக்குப் போன மாதம்தான் புரிந்தது.

போன வருஷம் அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. நானே ஒரு குடையும் அட்டையுமாகக் கிளம்பினேன். நான் அதிகம் பேசுகிற ஜாதி இல்லை என்பது உனக்குத் தெரியும், அதைக் கடைக்காரர்கள் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒருவருக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்தேன், இன்னொருவர் மகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், இரண்டே மாதத்தில் தெரு முழுக்க அக்கா ஆகிவிட்டேன். அந்த மாதத்திலிருந்தே விலைகள் இறங்க ஆரம்பித்தன. ஆணி இறங்கியது, சோப்பு இறங்கியது, சட்டை தைக்கும் கூலி இறங்கியது. ஏழு மாதம் தொடர்ந்து இறக்கம். விலை இப்படி இறங்கினால் மக்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று பொருள் என்றது தலைமை அலுவலகம். அப்படியானால் லாரி எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்று கேட்டு எழுதினேன். அவை வெற்று லாரிகளாக இருக்கலாம் என்று பதில் வந்தது. எடைமேடைக்கு எவன் வெற்று லாரியைத் தினமும் ஓட்டிவருவான்? ஆனாலும் ஒத்துக்கொண்டேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். லாரியைச் சந்தேகப்பட்டேன், மின்வாரியத்தைச் சந்தேகப்பட்டேன். நான் கைப்பட எழுதிவந்த எண் மட்டும் எனக்கு வேதவாக்காக இருந்தது.

செய்திமடல் வெளியானது. பத்திரிகைக்காரர் அதை "ஊரே மந்தம்" என்று எட்டுப் பத்தி அகலத்தில் தலைப்பாகப் போட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஹார்டுவேர் கடைக்குப் போனால் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பேப்பர்ல பாத்தேன்க்கா. நாடு கெட்டுக் கெடக்குது. உங்களுக்கும் கஷ்டம்தானே. இந்த மாசம் இன்னும் ரெண்டு குறைச்சு எழுதிக்குங்க." நான் அதை வியாபாரியின் நேரடிச் சான்று என்று குறித்துக்கொண்டேன். அந்த மாதம் மந்தம் "ஆழமடைகிறது" என்று கையெழுத்துப் போட்டேன்.

உண்மை வெளிவந்தது உன் அத்தானின் தலையிலிருந்து. முடி வெட்டிக்கொண்டு வந்தவர், நூற்றிருபது கொடுத்தேன் என்றார். எண்பதுதான் விலை, உங்களை ஏமாற்றிவிட்டார் என்றேன். "எந்தக் கடையில எண்பது?" என்றார். நீங்கள் போன கடையில்தான், ஏழு மாதமாக அட்டவணையில் இருக்கிறது என்றேன். "அப்ப அந்த அட்டவணைகிட்டயே இனிமே முடி வெட்டிக்கிறேன்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன நல்ல பதில்களில் ஒன்று, அவரிடம் அதைச் சொல்லவில்லை. நேராகச் சலூனுக்குப் போனேன்.

"சாருக்கு நூத்திருபதுதான்க்கா. எல்லாருக்கும் அதான்."

"எனக்கு எண்பதுன்னு சொன்னீங்களே?"

"அது அக்கா விலை."

"நான் இங்க முடி வெட்டிக்கவே போறதில்லையே?"

"அதான்க்கா! வெட்டிக்காதவங்களுக்குக் குறைச்சுச் சொல்றதுல எனக்கென்ன நஷ்டம்? வாசல்ல வந்து நிக்கிறீங்க, அட்டையும் கையுமா. உங்ககிட்டப் போயி முழு வெலை சொல்ல வாய் வருமா?"

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியில் வட்டாரத்தின் மந்தநிலை குடையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பதினேழு கடையும் ஏறி இறங்கினேன், பதினேழிலும் அதே கதை. தையற்காரர் மட்டும் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். "குறைச்சுச் சொன்னது தப்புன்னா கூட்டிச் சொல்லட்டுமா? எவ்வளவுக்கா வேணும்? சொல்லுங்க."

இனி நான் போய்க் கேட்டுப் பயனில்லை என்பதால் கறாரையே ஒரு சுற்றுப் போய்வரச் சொல்லலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டில் இல்லை. ஹார்டுவேர் கடை வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற மனிதருக்கு மனசு இளகிவிட்டது, தெரு முழுக்க இப்போது அவருக்கு "அண்ணே" மயம். வேண்டாவெறுப்பாக ஒரு சுற்றுப் போய்வந்தார். என் எண்ணை விட அவருடையது குறைவாக இருந்தது.

வேறு வழியில்லாமல் தலைமை அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். வேலை போய்விடும் என்று உன் அத்தான் பயந்தார். அதற்கும் அங்கே ஒரு கோப்பு வேண்டும், அது தயாராவதற்குள் நானே ஓய்வு பெற்றுவிடுவேன் என்று சமாதானம் சொன்னேன். நான்காம் நாள் மேலதிகாரி ஒருவர் காரில் வந்து இறங்கினார், கோட்டும் சூட்டுமாக. இந்தத் தெருவில் யாருக்கும் அவர் உறவில்லை, நட்பில்லை. பதினேழு கடைக்கும் அவரே போனார், நாற்பத்திரண்டு விலையையும் அவரே எழுதினார். என்னைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டார், வெளியே தலைகூட நீட்டக்கூடாதாம். மாலையில் கூட்டிப்பார்த்தால் விலைகள் போன வருஷத்தைவிட ஒன்பது சதவீதம் மேலே. லாரியும் மேலே, மின் இணைப்பும் மேலே. "மந்தமாவது மண்ணாவது, உங்க வட்டாரம் குதிரை மாதிரி ஓடுதும்மா" என்று என் மேஜையில் தட்டிவிட்டுப் போனார். திருத்திய செய்திமடல் நேற்று அச்சுக்குப் போனது. நகலை இணைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தைப் பார், சிவப்பு மை உன்னிடமே இருக்கிறது.

ஆகவே தம்பி, நீ சிவப்பில் கோடு போட்டது பொருளாதாரம் இல்லை, கடைத்தெருவின் மரியாதை. நான் யாருக்கும் வா, போ என்று சொல்கிறவள் இல்லை. உன் குடும்பம், உன் முடிவு. சரியான எண்களைக் கொடுப்பது மட்டும் என் கடமை, கொடுத்துவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் நீ போன தடவை பார்த்துவிட்டுப் போன கடை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்பதையும் வெறும் தகவலாகச் சேர்த்துக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு, கடிதத்தை முழுக்கப் படித்ததற்கு நன்றியும். உன் பெண்ணுக்கு முத்தங்கள், எண்ணிக்கை அவள் விருப்பம். எல்லாரும் எல்லா நலமும் பெற்று, ஏறுமுகமாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஹார்டுவேர் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். "அன்னிக்கு கார்ல வந்தாரே ஒரு சாரு, உங்களுக்கு வேண்டியவராக்கா? தெரியாமப் போச்சு. கோட்டைப் பாத்ததும் தெருவுல எல்லாருமே கொஞ்சம் ஏத்தித்தான் சொன்னோம்" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். எடைமேடைக்குப் போன் செய்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எடைமேடை எட்டு மாதமாகப் பழுதாம், அந்த லாரியெல்லாம் இங்கே வருகிறதாம். மின்வாரியத்துக்கு நான் போன் செய்யவில்லை, தைரியம் இல்லை. ஆக மேலே உள்ள எண் ஒன்றையும் நம்பாதே. வட்டாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எனக்குத் தெரியாது, எவருக்கும் தெரியாது. அந்தக் காலிக் கடைக்கு உன் பெயரில் முன்பணம் போன வாரமே கொடுத்துவிட்டேன், அப்போது இந்த ஒன்பது சதவீதம் பிறக்கவேயில்லை. சாவி என் கைப்பையில் இருக்கிறது. ஷட்டர் பாதியில் நிற்கிறது, எண்ணெய் போட ஆள் சொல்லியிருக்கிறேன். கோபப்படுவதானால் இங்கே வந்து கோபப்படு. வெள்ளிக்கிழமை அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதே. காரணம் கேட்காதே, இதற்கு அட்டவணை கிடையாது.