எங்கள் ஊருக்கு நீ பூசிய நிறம்

கிளெனோவிட்சா,
அக்டோபர் 9, வியாழன்

தலைநகர் சோஃபியாவில் நான்காம் மாடியில் குடியிருந்தும் அப்பனை மறக்காத என் மகள் நெவேனாவுக்கு, உன் அப்பா பென்கோ மிகுந்த அன்புடன் எழுதுவது. இவ்விடம் நானும் இரண்டு ஆடுகளும் இடது முழங்காலும் சுகம். வலது முழங்காலைப் பற்றிக் கேட்டு என் மனதைப் புண்படுத்த வேண்டாம். உன் அம்மாவின் கல்லறையில் களை எடுத்து, சிலுவைக்கு வெள்ளையடித்தாயிற்று. அவ்விடம் உன் உடம்பும் உன் வேலையும் நீ பால்கனியில் வளர்க்கும் மிளகாய்ச் செடியும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட அது மேல். உங்கள் பத்திரிகைக்காக நீ செய்த நாட்டு வரைபடம் தபாலில் வந்த அன்று, உறையைக் கிழித்த கையோடு டோஷ்காவின் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். நாட்டில் முக்கால்வாசி வெளுத்த மஞ்சளும் சோகை பிடித்த ஆரஞ்சுமாகக் கிடக்க, நம் கிளெனோவிட்சா மட்டும் பழுத்த செர்ரி போல அடர்சிவப்பாக ஜொலித்தது. எட்டாம் வகுப்போடு டிராக்டர் ஓட்டப் போனவன் வேறு என்ன நினைப்பான்? நிறம் கூடக்கூடப் பெருமை கூடும், நமக்குத்தான் முதல் பரிசு என்று நினைத்தேன். ரொட்டி அலமாரிக்கு மேல் நானே நாலு ஆணி அடித்து மாட்டினேன். கடையில் இருந்த ஒன்பது பேருக்கும் என் பேரில் ராக்கியாச் சாராயம் ஊற்றச் சொன்னேன். இரண்டாம் சுற்றும் உள்ளே போன பிறகுதான் டோஷ்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தின் மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைப் படித்தாள். நூறு பேருக்கு ஒரு வருஷத்தில் எத்தனை சாவு என்பதுதான் நிறமாம். அடர்சிவப்பு என்றால் மிக மிக அதிகமாம். "பென்கோ அண்ணே, அப்ப நாம எல்லாம் செத்துப்போனதுக்கா இவ்வளவு நேரம் குடிச்சோம்?" என்று கேட்டாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. குடித்ததைத் துப்பவும் இல்லை.

இந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஏப்ரலில் நீதான் போன் பண்ணி, அரசாங்கக் கணக்கு வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும், அதற்குள் நாங்கள் முந்திக்கொள்ளப் போகிறோம், ஊருக்கு ஓர் ஆள் தெருவில் ஒட்டியிருக்கிற அஞ்சலித் தாள்களைப் படம் பிடித்து அனுப்பினால் போதும், கம்ப்யூட்டரே எண்ணிக்கொள்ளும் என்றாய். ஒன்றுவிடாமல் எடுக்கச் சொன்னாய். நான் ஒன்றையும் விடவில்லை. பஸ் நிறுத்தம், மின்கம்பம், தேவாலயக் கதவு, அக்ரூட் மரம், டோஷ்கா கடை ஜன்னல், பூட்டிக்கிடக்கும் பள்ளிக்கூடச் சுவர், வீட்டு வாசல்கள். இரண்டு நாள், ஒன்றரை முழங்கால், தொண்ணூற்று நான்கு படம். ஆனால் நீ கேட்ட அந்தப் பன்னிரண்டு மாசத்தில் ஊரில் செத்தது ஏழு பேர். நீ இங்கே பிறந்தவள்தானே, நம் ஊரில் யாராவது ஒரே ஒரு தாளோடு செத்திருக்கிறார்களா? அந்த ஏழு பேரில் முதலில் போன க்ருயோவை எடுத்துக்கொள். பெண்டாட்டி ஒட்டியது பட்டாளத்து உடுப்பில் இருபது வயசுப் படம். வேட்டைக்காரர் சங்கம் ஒட்டியது தொப்பியும் கையில் செத்த முயலுமாக. அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்காரன் தனியாக ஒட்டியது கல்யாணப் படம், அதில் அண்ணியை மட்டும் கத்தரித்துவிட்டான். அப்புறம் நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், ஆறாம் மாசத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. முகம் வேறு, வாசகம் வேறு, ஆகவே ஆள் வேறு என்று உன் கம்ப்யூட்டர் க்ருயோவைப் பதினொரு தடவை சாகடித்திருக்கிறது. உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் எந்த வேலையையும் ஒரு தடவைக்கு மேல் செய்ததில்லை.

அன்றைக்கே கடையிலிருந்து வந்து உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கும். எங்க ஊருக்கு எத்தனை சாவு என்று கேட்டேன், தொண்ணூற்று நான்கு என்றாய். பேரை வைத்து எண்ணக்கூடாதா என்றேன், ஊருக்குப் பத்து இவான் இருக்காங்க, பேர் உதவாது என்றாய். அந்தப் படங்களை யாராவது கண்ணால் பார்த்தீங்களா என்றேன், பத்தாயிரம் படத்த யாருப்பா உட்காந்து பாப்பா என்று சிரித்தாய். தப்பு ஏதாவது இருக்குமோ என்று இழுத்தேன். "மெஷின் தப்பு பண்ணாதுப்பா, நான் மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். நானும் வைத்துவிட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அறுபத்து மூணு பேர் இருக்கிற ஊர்ல ஒரு வருஷத்துல தொண்ணூத்தி நாலு பேர் செத்தாங்கன்னு எழுத்துல எழுதிப் போட்டிருந்தா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட சிரிச்சிருக்கும். நீ அதைச் சிவப்பாப் பூசிட்டே. சிவப்பைப் பார்த்து எவன் சிரிப்பான்? எல்லாரும் தலையாட்டினாங்க.

தலையாட்டினவங்கள்ல முக்கியமானவங்க மாவட்டத்துலேர்ந்து வந்த அர்சோவா அம்மா. பஸ் எந்த ஊருக்குப் போகணும், எந்த ஊருக்கு வேண்டாம்னு முடிவு பண்றது அவங்கதான். செவ்வாயும் வெள்ளியும் கிர்சோ ஓட்டிட்டு வர்ற பஸ் நமக்கு என்னன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டோஷ்கா கடைக்கு ரொட்டி அதுலதான் வரும், தபால் அதுலதான் வரும், ஊர் மொத்தத்துக்கும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் கிர்சோவோட சட்டைப் பையிலதான் வரும். அந்த அம்மா போன மாசம் நம்ம படிப்பகத்துல கூட்டம் போட்டாங்க. நாப்பது பேருக்கு மேல வந்துட்டோம், நாற்காலி பத்தல. சுவர்ல வெளிச்சம் பாய்ச்சி உன் படத்தைப் பெருசாக் காட்டினாங்க. சுவர்ல ஈரம் ஊறின கறை இருக்கு பார், கிளெனோவிட்சா சரியா அந்த எடத்துல போய் விழுந்துச்சு, சிவப்பு கருஞ்சிவப்பாயிடுச்சு. முன்னெல்லாம் முப்பது பக்கம் பட்டியல் குடுப்பாங்க, ராப்பகலாப் படிச்சாலும் ஒண்ணும் ஏறாது, இப்ப ஒரே பார்வைல புரியுதுன்னு உன் படத்தைப் புகழ்ந்தாங்க. எனக்குக் காது குளுந்துச்சு, அந்தக் கேடுகெட்ட காது.

அந்த ஒரே பார்வைல அவங்களுக்கு என்ன புரிஞ்சுது தெரியுமா? மலைக்கு அந்தப் பக்கம் ஷிபோவ்கா உன் படத்துல இளம்பச்சையா இருக்கு, சாவே இல்லாத ஊர். ஏன் இல்லைன்னா அங்கே படம் புடிச்சு அனுப்ப ஆள் இல்லை. அங்கே இருக்கிறது மூணு பேரும் ஒரு நாரைக் கூடும். அந்த மூணு பேர்ல ஒருத்தருக்குப் போன் இருக்கு, அதுல கேமரா இல்லை. ஆக, வளர்ற ஊர் ஷிபோவ்கா, முடிஞ்சுபோன ஊர் நாம, அதனால பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்பறதுதான் நியாயம்னு சொன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க, இரங்கல் தெரிவிக்கிற குரல்ல.

டோஷ்காதான் எழுந்தா. இதை யாரு எண்ணினதுன்னு கேட்டா. இது ஆதாரத்தோட எடுத்த தகவல், நீங்க மனசுல படறதைச் சொல்றீங்கம்மான்னாங்க அவங்க.

"நான் மனசுல படறதச் சொல்லல, ரொட்டியச் சொல்றேன்" என்றாள் டோஷ்கா. "பஸ் வந்தா அம்பத்தெட்டு ரொட்டி எறங்குது, சாயங்காலத்துக்குள்ள அம்பத்தெட்டும் போயிடுது. செத்தவன் எவன் வந்து வாங்கிட்டுப் போறான்?"

அந்த அம்மா ரொட்டியைக் குறிச்சுக்கல. அவங்க காகிதத்துல ரொட்டிக்குக் கட்டம் இல்லைபோல. அப்பத்தான் டோஷ்கா என் பக்கம் திரும்பினா. "பென்கோ அண்ணே, இது உம்பொண்ணு வேலையாச்சே. நீயாவது சொல்லேன், நாம இருக்கோம்னு."

நாப்பது தலை திரும்புச்சு. நான் தொப்பியைக் கையில் எடுத்துக்கிட்டு எழுந்து நின்னேன். "படம் தெளிவா இருக்கு" என்றேன். உட்கார்ந்துட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்பே. இந்தப் படத்தால்தான் உன்னை அங்கே நிரந்தரமாக்கினாங்கன்னு நீ ஜூன்ல சொன்னே, ஏழு வருஷம் தற்காலிகமா அலைஞ்சவ நீ. எண்ணினது தப்பு, எடுத்தவன் நான்னு அந்தக் கூட்டத்துல சொன்னா அது மறுநாளே உன் மேஜைக்கு வந்திருக்கும். மகளா பஸ்ஸான்னு வந்தா எந்த அப்பன் பஸ்ஸைச் சொல்வான்? இப்போ டோஷ்கா வாரம் ஒரு தடவை மெயின் ரோடு திருப்பம் வரைக்கும் ஆறு கிலோமீட்டர் தள்ளுவண்டி தள்ளிட்டுப் போய் ரொட்டி வாங்கிட்டு வர்றா. எனக்கு ரொட்டி தர்றா, ஆனா பேசறதில்லை. படத்தை மட்டும் சுவர்லேர்ந்து கழட்டலை, எல்லாரும் பார்க்கட்டும்னு விட்டுவெச்சிருக்கா. ஷிபோவ்காவுக்குக் கிர்சோ காலி பஸ்ஸை ஓட்டிட்டுப் போறான், நாரை வேடிக்கை பார்க்குதாம்.

ஆகையால் மகளே, உன் அப்பன் கேட்பது ஒன்றுதான். வேலைக்குக் கேடு வராத விதமாக, பெரிய ஆள்களிடம் பக்குவமாகச் சொல்லி, படத்தைத் திருத்திப் போடச் சொல். நம் ஊருக்கு அந்த வெளுத்த மஞ்சளே போதும். மஞ்சளோடு ரொட்டியும் வரட்டும். நான் தப்பு செய்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள், என் பேரைப் போட்டாலும் சரி, எனக்கு இனி எந்தப் பதவி உயர்வும் பாக்கியில்லை.

நீ நீண்ட நாள் ஆரோக்கியமாக இருந்து, நல்ல அடுப்பும் நல்ல துணையும் அமைந்து, குளிரில் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வெளியே போகும் புத்தியும் உனக்கு உண்டாகட்டும். ஆடுகள் விசாரித்ததாகச் சொல்லச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். இதைத் தபாலில் சேர்க்க நாளைக்குத் திருப்பம் வரை நடக்கிறேன்.

உன் அப்பா,
பென்கோ

பி.கு.: மேலே எழுதினதை எல்லாம் விட்டுடு. திருத்தம் எதுவும் போடாதே. திருத்தணும்னா யாராவது உட்கார்ந்து என்னோட தொண்ணூத்தி நாலு படத்தையும் கண்ணால பார்க்கணும். பார்த்தா அதுல நாப்பத்தோரு தாள்ல உங்கம்மாதான் இருப்பா. ஊர்ல மத்தவங்க முதல் வருஷம் தாண்டினா வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒட்டறாங்க. நான் அவ போனதுலேர்ந்து மாசத்துக்கு ஒண்ணு, ஆல்பத்துலேர்ந்து ஒவ்வொரு தடவையும் வேற படம். கிர்சோதான் டவுன்ல அச்சடிச்சுக் கொண்டுவந்து தருவான். பழசைக் கிழிக்க எனக்குக் கை வராது. உன் வேலைக்காக வாயை மூடினேன்னு எழுதியிருக்கேன் பாரு, அது அழகா இருக்கட்டும்னு எழுதினது. அன்னிக்கு எழுந்து நின்னப்ப உன் ஞாபகமே எனக்கு வரலை. நான் சொல்ல வேண்டியிருந்தும் சொல்லாம விட்டது ஒரே ஒரு வரி: இதுல நாப்பத்தோரு பேர் ஒரே ஆள், என் ரத்கா.