மேலாளர் அறையில் ஒரு தாம்பத்தியம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு சாதித்த மிகப் பெரிய காரியம், எங்கள் அலுவலகத்தில் சிறுத்தைப் பல்லியைக் குடும்பம் நடத்த வைத்ததுதான். தலைமை எழுத்தர் என்ற முறையில் அதை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

சிறுத்தைப் பல்லி என்றால் சுவரில் ஓடுகிற சில்லறைப் பல்லி அல்ல. மஞ்சள் உடம்பு, கரும்புள்ளிகள், கொழுத்த வால். கண்ணுக்கு இமை கூட உண்டு. எங்கள் மேலாளர் அதை ஆசையாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். "இந்த வீட்டுல அது இருக்கணுமா, நான் இருக்கணுமா?" என்று அவர் மனைவி கேட்டுவிட்டார். எனவே அது கண்ணாடிப் பெட்டியோடு மேலாளர் அறையில் பொறுப்பேற்றுக்கொண்டது.

ஒரு நாள் மேலாளர் எங்களை அவசரமாகக் கூட்டினார்.

"பூச்சி போட்டா சாப்பிட மாட்டேங்குது," என்றார். குரல் தழுதழுத்தது. "தனியாவே கெடந்தா எந்த உயிருக்குத்தான் சோறு எறங்கும்? அதுக்கு ஒரு ஜோடி வேணும்."

நாங்கள் உச்சுக் கொட்டினோம். தபால் பிரிவு எழுத்தர் மட்டும் தன் காதையே நம்பாதவர் போல் நிமிர்ந்து பார்த்தார்.

அவரை நாங்கள் 'மாப்பிள்ளை' என்போம். கல்யாணமாகி வருடக்கணக்கான பிறகும், வாரக் கடைசி வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு மனைவி இருக்கும் ஊருக்கு ஓடுகிறவர். அந்த அம்மாவுக்கு எங்கள் கிளை அலுவலகத்தில் வேலை. ரயிலில் ஓர் இரவுப் பயணம். குழந்தை இல்லையே என்று டாக்டரிடம் போனார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல. மொதல்ல ஒரே ஊர்ல இருங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். இடமாற்றம் கேட்ட போதெல்லாம் மேலாளர் 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' வருந்தினார். வருந்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பெண் பல்லி ஒன்று, மாப்பிள்ளையின் மனைவி இருக்கும் அதே ஊரில் ஒரு கடையில் இருப்பது தெரிந்தது. அதை அழைத்துவர அலுவலகக் காரும் மாப்பிள்ளையும் 'பணி நிமித்தம்' புறப்பட்டார்கள். விஷயம் தெரிந்து அவர் மனைவியும் லீவு போட்டு, பெட்டியோடு கடை வாசலுக்கு வந்துவிட்டார்.

"பின் சீட்டு காலியாத்தானே இருக்கு அண்ணே, நானும் வர்றேனே," என்று கேட்டிருக்கிறார்.

"பல்லி அலுங்கக் கூடாதுன்னு உத்தரவும்மா. ஒரு லேடீஸுக்குத்தான் பர்மிஷன் வாங்கியிருக்கு," என்றாராம் டிரைவர். கடமை தவறாத அவரே இதைப் பெருமையோடு என்னிடம் சொன்னார். பின் சீட்டில் பல்லி வந்தது.

அதன் பிறகு நடந்தது நிர்வாகத் திறமையின் உச்சம். பெட்டிக்கு அடியில் சூடு தரும் விரிப்பு. சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிய பூச்சி. முட்டையிட, ஈரப் பாசி நிரப்பிய டப்பா. தம்பதிக்குத் தனிமை வேண்டும் என்று மேலாளர் தன் அறையையே காலி செய்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார். கோப்புகள் கதவைத் தட்டக் கூடாது. தொலைபேசி இருமக்கூடக் கூடாது.

"சார், என் விஷயம்..." என்று மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தார்.

"ஷ்ஷ்! சின்னஞ்சிறுசுங்க உள்ள இருக்குதுங்க. மனசாட்சி வேணாமாய்யா உமக்கு?"

மனசாட்சி இல்லாத மாப்பிள்ளை திரும்பிப் போனார்.

முட்டைகள் வந்தன! அலுவலகம் முழுக்க இனிப்பு. மேலாளர் நாற்காலியில் ஏறி நின்று பேசினார். "வாயில்லா ஜீவன்களைச் சேர்த்து வெக்கறதுக்கு ஒரு மனசு வேணும்!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்களும் துடைத்துக்கொண்டோம்.

"ஆனா ஒண்ணு. குஞ்சு பொரியற வரைக்கும் முட்டைக்குச் சூடு மாறக் கூடாது. சனி, ஞாயிறுகூட ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும். அது நம்ம மாப்பிள்ளைதான். மத்தவங்களுக்கு லீவு நாள்ல பிள்ளை குட்டிங்களோட இருக்கணும். இவருக்குத்தான் அந்தத் தொல்லையே இல்லையே!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இப்படி ஒவ்வொருவர் குடும்ப நிலைமையையும் மனதில் வைத்து வேலை பிரிக்கிற மேலாளர் யாருக்கு வாய்ப்பார்?

மாப்பிள்ளை கைதட்டவில்லை. சத்தம் அடங்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"என்னையும் எம் பொண்டாட்டியையும் அந்தப் பொட்டியில போட்டுப் பூட்டியிருந்தீங்கன்னா, எங்களுக்கும் இந்நேரம் ஒண்ணு பொறந்திருக்கும் சார்."