மாத்திரை சாப்பிட்டீர்களா, தங்கம் அக்கா?

அந்த ஞாயிற்றுக்கிழமை, மலையாளம் பேசும் மலையோர ஊரான கல்லாற்றில், தங்கம் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள்: நான், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவர்களுடைய பிள்ளைகள். வராதவர்கள்: எங்கள் ஆய்வுத் திட்டத்தின் பேராசிரியர் (டெல்லியில் கருத்தரங்காம்), அப்புறம் தினமும் அங்கே சாப்பிடும் ஜீப் டிரைவர்கள். டிரைவர்கள் வராததற்குக் காரணம் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். மலையோர நோயாளிகளைச் செல்போன் வழியாகக் கரையேற்றுவது என் பிறவிக் கடமை என்று நம்பியிருந்தேன். தினமும் கூப்பிட்டு மாத்திரையை நினைவூட்டும் ஒரு செயலியைச் செய்தேன். குரலும் என்னுடையதே. பதில் வராவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிடும். (இதற்காகப் பேராசிரியர் என் முதுகில் வேறு தட்டினார்.)

என் நோயாளிப் பட்டியலில் இருந்த தங்கம் அக்கா வீட்டில் சிக்னல் கிடையாது. பக்கத்துப் பலசரக்குக் கடையின் எண்ணைக் கொடுத்திருந்தார். ஒரு எண் என்றால் ஒரு ஆள் என்று நினைத்துவிட்டேன்.

முதல் அழைப்பு வந்தபோது கடைக்காரர் கையெல்லாம் எண்ணெய். ஸ்பீக்கரில் போட்டார். "வணக்கம் தங்கம். இன்று காசநோய் மாத்திரை சாப்பிட்டீர்களா? சாப்பிட்டிருந்தால் ஒன்றை அழுத்தவும்" என்று என் குரல் சுத்தமான மலையாளத்தில் கடை முழுக்க, வாசலில் நின்ற ஜீப் டிரைவர்கள் வரைக்கும் கேட்டது. யாரும் அழுத்தவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டது.

இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகே அக்கா கடையைத் திறந்திருந்தார். அதை யார் காதில் வாங்குவது? வடித்த சோறு அப்படியே கிடந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"சீக்குக்கு ரெண்டு மாசம் பூட்டுனேன், பொறவு தொறந்தேன். உன் போனுக்குப் பூட்டுனா எப்பம் தொறக்கது தம்பி?"

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். "நீ கெடுத்தத நாமதாம்ல தின்னு தீக்கணும். வேன் பிடி."

அப்படித்தான் போய் உட்கார்ந்தோம். எதிரே ஜீப்பில் சாய்ந்து டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கேட்டான்: "சாரே, ஒந்நு அமர்த்தணோ, ரெண்டு அமர்த்தணோ?" ஒன்றை அழுத்தவா, இரண்டை அழுத்தவா என்கிறான். நான் இலைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

அப்பா நிமிரவே இல்லை. "யம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடு. மீன் கொழம்பு கெடக்கா?"

மூன்றாம் முறையும் கேட்டார். "போதும், வேன் ஏறாது" என்றாள் அம்மா.

டிரைவர்களில் வயதானவர் மெல்ல ரோட்டைத் தாண்டி வந்தார். "சேச்சி, எனக்கு மீன் உண்டா, இல்ல இவரே தீத்துடுவாரா?" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா அவருக்கு இலை போட்டுத் துடைத்தார். துடைத்த இலையையே மறுபடியும் துடைத்தார்.

இப்போது செயலி நோயின் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் வீட்டில் எந்தப் போன் அடித்தாலும் அம்மா சொல்வாள்: "ஸ்பீக்கர்ல போடாதீங்க, எவளுக்காவது மாத்திர குடுத்துருவான்."

வேன் வாடகை, சாப்பாடு, அப்பா தனியாகத் தின்ற மீன், விற்காமல் கொட்டிய சோற்றுக்கு அக்கா வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டது, எல்லாம் சேர்த்து எங்கள் குடும்பத்துக்கு ஆன செலவு எட்டாயிரத்து முந்நூறு ரூபாய்.