ரெங்கம்மா செருப்பால் அடித்த மெமரி சிப்

ஷாதிபூர், போர்ட் பிளேர்.

அன்புமிக்க மாப்பிள்ளை அஸ்வின் அவர்களுக்கு, மாமனார் பெரியதம்பி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ரெங்கம்மாவும் மழையும் நலம். அங்கே நீங்களும் ப்ரியங்காவும் பிள்ளைகளும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ப்ரியங்கா ஆறாம் வகுப்பில் தட்டிப் பழகிய கம்ப்யூட்டர், டிவியில் செருகிப் பார்ப்பது, இன்னும் நம் பின்னறையில்தான் இருக்கிறது. மழையில் வெளியே போக வழியில்லாமல் அதைப் போட்டேன். எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். பச்சையும் நீலமுமாக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தன. கோளாறுதான், ஆனாலும் என்ன அழகு மாப்பிள்ளை! பார்த்தபடி உட்கார்ந்தால் டீ ஆறிவிடும், மதியம் கரைந்துவிடும், கடலுக்கடியில் குடியிருப்பதுபோல இருக்கும். உங்கள் அத்தைக்கு இதெல்லாம் புரியுமா? "புள்ளைங்க லீவுக்கு வந்தா படுக்க ரூம் வேணும். அதுக்குள்ள அது ஒழுங்கா ஓடணும், இல்லேன்னா பழைய சாமான் எடுக்குற கபாடிவாலா தூக்கிட்டுப் போவான்" என்றுவிட்டாள்.

அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுஹைலுக்கு போன் போட்டேன். மெமரி சிப் எட்டில் ஒன்று போயிருக்கும், தொட்டுப் பாருங்கள், சுடுவதுதான் கெட்டது என்றான். தொட்டேன், எட்டும் ஒரே வெதுவெதுப்பு. "அப்போ உப்பு மூட்டைதான் அங்கிள்" என்றான். நல்ல சிப் ஒன்றை, காலோடு கால் பொருந்த, ஒவ்வொன்றின் முதுகிலும் ஏற்றிப் பார்க்க வேண்டுமாம். மெயின்லேண்ட் கடையில் இருந்த ஒரே சிப்பை வரவழைத்து, அணைத்து, ஏற்றி, போட்டுப் பார்த்து, மறுபடி அணைத்து, இப்படியே போய் ஐந்தாவதின் முதுகில் ஏற்றியதும் புள்ளிகள் மறைந்து எழுத்து வந்தது. ஆளைப் பிடிச்சாச்சு! ஆனால் ஈயம் வைத்துப் பற்றவைக்க சுஹைல் வரவேண்டும், காற்று பலமாக இருந்ததால் ஃபெர்ரி இல்லை. அதுவரை ஈரம் ஏறாதிருக்க, நம்ம ஊர் வழக்கப்படி நல்ல சிப்பை அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை, வந்தது வினை. உலைக்கு அரிசி அள்ளினாள். கறுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் வரிசையாகக் கால். "அய்யய்யோ, கான்கஜூரா!" இந்தத் தீவுப் பூரானிடம் கடிபட்டவர்கள் யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். செருப்பாலேயே நாலு போட்டாள். "அடியே, அது மெமரிடி!" என்று ஓடினேன். "எதுவா இருந்தா என்ன, அசைஞ்சுது, என் கண்ணால பாத்தேன்" என்கிறாள். கால் கோணிக் கிடந்ததைப் பார்த்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

ஆகையால் அதேபோல ஒரு நல்ல சிப் எப்பாடு பட்டாவது வாங்கி அனுப்புங்கள். ப்ரியங்காவிடம் மூச்சு விடாதீர்கள், அம்மா கட்சிதான் பேசுவாள். பிள்ளைகளுக்கு முத்தம். ஈரமும் துருவும் அண்டாமல் எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பெரியதம்பி

பி.கு.: கவரை ஒட்டுமுன் சுஹைல் வந்துவிட்டான். பழைய சிப்பின் கால்களை வெட்டி எடுத்துப்போட்டு, அடிபட்டதன் கால்களை நிமிர்த்திப் பற்றவைத்தான். ஓடுகிறது! சுத்தமான கறுப்புத் திரை, மூலையில் ஒரு வரி எழுத்து. ஜெயித்தோம் என்று திரும்பினால் உங்கள் அத்தை முகம் வாடி நிற்கிறாள். "அந்தப் புள்ளியெல்லாம் எங்கங்க? ராத்திரி நீங்க தூங்குனப்புறம் நான் தினம் அதத்தானே பாத்துக்கிட்டிருந்தேன். முன்னாடி உக்காந்தா ஒரு கவலையும் ஞாபகம் வராது" என்று கண்ணைத் துடைக்கிறாள். கால் வெட்டிய பழையதை இனி மாட்டவும் முடியாதாம். ஆகவே நல்ல சிப் வேண்டாம் மாப்பிள்ளை. கெட்டுப்போனதாக ஒன்று அனுப்புங்கள். கடைக்காரன் ஏமாற்றி நல்லதைத் தலையில் கட்டிவிடுவான், சோதித்து வாங்குங்கள்.