ஜெய்னெப் சொன்ன பையன்

தொலோகோன் தன் நாலாவது பிள்ளையை மூன்று கிண்ணம் புளித்த குதிரைப்பாலுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அந்தப் பிள்ளை அப்போது வயிற்றில் நாலு மாதம்.

நடந்தது அண்ணன் ஷார்ஷென் வீட்டு விருந்தில். அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், குழந்தை இல்லை. தொலோகோனுக்கோ மூன்றும் பெண். முதலாவதற்கு, இனியாவது திசை திரும்பட்டும் என்று புரூல் எனப் பெயர் வைத்தான். திரும்பவில்லை. மூன்றாவதற்கு, மகன் வரட்டும் என்ற அர்த்தத்தில் வெளிப்படையாகவே ஊல்கெல்சின். அந்தப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் தெருவே அவனுக்காக வேண்டிக்கொண்டது. ஆகவே விருந்தில் அவன் மனம் பொங்கி, "இதுவும் பொண்ணா இருந்தா நீயே வளர்த்துக்க அண்ணா. பையன்னா எனக்கு," என்றான். எல்லோரும் உள்ளங்கையால் முகத்தை வழித்து, அப்படியே ஆகட்டும் என்று "ஓமின்" சொல்லிவிட்டார்கள். முடிந்தது.

மனைவி ஜிபார்குல் அழவில்லை. மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"எத்தனை கிண்ணம்?"

"மூணு."

"ஆறு குடிச்சிருந்தா என்னையும் சேர்த்துக் கொடுத்திருப்பீங்க."

"அண்ணன் பாவம், ஜிபார். நம்ம வழக்கம்தானே இது."

"வழக்கம்தான். பெத்தவளைக் கேட்டுட்டுக் கொடுக்கறதும் வழக்கம்தான்."

"உடன்பிறந்த பாசம்..."

"பையன்னா மட்டும் அந்தப் பாசம் எங்க போகும்?"

அந்தக் கேள்வி அவனை நாள் கணக்காக அரித்தது. பையனா பெண்ணா என்று தெரிந்துகொண்டுவிட்டால் அரிப்பு நின்றுவிடும் என்று நினைத்தான். பையன் என்றால் சங்கடமே இல்லை. பெண் என்றால் இப்போதிருந்தே மனதைக் கல்லாக்கிப் பழகலாம். அடுத்த வாரமே அவளை நரின் நகரத்துக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனான்.

டாக்டர் ஜெய்னெப் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"பையன்."

ஜிபார்குல் சுவரைப் பார்த்தபடி வயிற்றைத் துடைத்துக்கொண்டாள். தொலோகோன் கொண்டுவந்திருந்த தேன் ஜாடியை நீட்டினான். நல்ல சேதி சொன்ன வாய்க்குப் பரிசு கொடுக்காமல் நகர்கிற கிர்கிஸ் எங்கேயும் இல்லை. டாக்டரோ ஜாடியைத் தொடவில்லை.

"பிறக்கட்டும். அப்புறம் உங்களுக்கே கொடுக்கணும்னு தோணினா பார்ப்போம்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு நேர்மையா என்று அவனுக்குக் கண் கலங்கியது.

திரும்பும் வழியில் ஜிபார்குல் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணன்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. பாவம், ஆசையை வளர்த்துக்கப் போறாரு."

"சொல்றேன். பையன்னு..."

"பையன்னு வாயால சொல்லாதீங்க. கண்ணு பட்டுடும். இந்த வயித்துல இருக்கறது என் பிள்ளை, யாருக்கும் தரமாட்டேன்னு மட்டும் சொல்லுங்க. ரொட்டியைத் தொட்டுச் சத்தியமா சொல்லுங்க. அப்பதான் அவர் நம்புவாரு."

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான யோசனை என்று வியந்தான். ஊர் வந்து சேர்வதற்குள் அதைத் தன் யோசனையாகவே ஆக்கிக்கொண்டுவிட்டான்.

அண்ணி பார்த்துக்கொண்டிருக்க, ரொட்டியைத் தொட்டு ஆணையிட்டான். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. "சரிடா," என்றார். பிறகு அவன் கிண்ணத்தில் விளிம்பு தொடத் தேநீர் ஊற்றினார். கிளம்பு என்பதை அதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது. அண்ணி சின்னதாக ஒரு கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். அதை மடித்து அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவன் சூட்டோடு தேநீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தான். நாக்கு வெந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

பனி உருகத் தொடங்கியபோது பிள்ளை பிறந்தது. பெண்.

தொலோகோன் பிரசவ அறையில், யாரோ அடித்துப் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர் பையன்னு சொன்னாளே."

"சொன்னா."

"தெரியாம சொல்லிட்டாளா?"

"ஜெய்னெப்பும் நானும் பள்ளிக்கூடத்துல எட்டு வருஷம் ஒரே பெஞ்சு. நீங்க என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தின நாளே போய் அவகிட்டப் பேசிட்டேன்."

அவனுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. மெல்லத்தான் புரிந்தது. "அண்ணனுக்கு நான் வாக்குக் கொடுத்தேனே," என்றான்.

"அதுக்கப்புறம் ரொட்டியைத் தொட்டும் கொடுத்தீங்க. ரெண்டுல எதை மீறப் போறீங்க?"

ரொட்டியைத் தொட்டதை மீற முடியாது. குழந்தையைப் பார்த்தான். அண்ணனின் மூக்கு. இந்த மூக்கைப் பார்த்துப் பார்த்து இனி எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்த்தான்.

"ஏன் ஜிபார், நான் நிஜமாவே கொடுத்திருப்பேன்னு நினைச்சியா?"

"எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

அவன் யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான். யோசித்து நிமிர்ந்தபோது அவள் தூங்கிப்போயிருந்தாள், பிள்ளையின் மேல் ஒரு கையைப் போட்டபடி.