கோடிட்ட இடத்தில் ஒரு நாடு

ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரை மாதத்தைச் சட்டை நனையாமல் கடந்தவர் எவரும் கிடையாது. அந்தச் சித்திரையிலும் கம்பளி ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோன ஒரே பிறவி எங்கள் 'ஸ்வெட்டர்'தான். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று, ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இன்னொன்று உண்டு. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஹாஸ்டலில் யாரும் திரும்பமாட்டார்கள், அவளையும் சேர்த்து.

சில வருடங்களுக்கு முன்னால் ராமநாதபுரத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் நானும் அவளும் ஒரே அறை. நான் இன்சூரன்ஸ் ஆபீஸ். அவள் தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர், பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பம்; அப்பாவை 'அய்யா' என்பாள். நான் ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி என்பதால் என்னை 'மங்கலம்' என்றே கூப்பிடுவாள். வெளிநாடு போய்க் கடல் நீரோட்டம் பற்றி மேல்படிப்பு படிக்கவேண்டும் என்பது அவளுக்குப் பிடித்திருந்த பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு வைத்தியச் செலவு முழுக்க என்னுடையது.

"எதுக்குடி இந்த வெயில்ல இதப் போட்டுக்கிட்டுத் திரியுற?" என்றேன் முதல் வாரத்தில்.

"பழகணும்ல மங்கலம். போற எடத்துல பனி கொட்டுமாம்."

"குளிர் பழகணும்னா குளிர்லல்ல நிக்கணும்? வெயில்ல ஸ்வெட்டர் போட்டா வேர்க்குருதான் பழகும்."

அவள் யோசித்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போய், படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் ஐஸ் கம்பெனிக்குள் புகுந்து, ஐஸ் பாளங்களுக்கு நடுவே உட்கார்ந்து புத்தகம் படித்திருக்கிறாள். அங்கே வேலை செய்கிற அண்ணன் ஒருவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சரு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஐஸ் உருகுது" என்றாராம். திங்கட்கிழமை மூக்கு அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கஷாயம் வைத்துக் கொடுத்தது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது சாப்பாட்டுப் பயிற்சி. இட்லிக்கு விடைகொடுத்துவிட்டு ரொட்டித் துண்டோடு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பார்த்தால் அதே ரொட்டியை மீன் குழம்பில் முக்கிக்கொண்டிருக்கிறாள். கேட்டதற்கு, "ரொட்டிய எதுல தொட்டுத் திங்கணும்னு அவங்க சட்டமா போட்டுருக்காங்க?" என்றாள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எந்த நாடு என்று தேர்ந்தெடுக்க அவள் அடித்த கூத்துதான் தாங்கமுடியாதது. ஜெர்மனியில் ஒரு நல்ல பல்கலைக்கழகம் இடம் தர முன்வந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஊரைச் சுத்திக் கடலே இல்லயே, மூச்சு முட்டாதா?" என்று தள்ளிவைத்தாள். கனடாவில் இடம் கிடைத்தது. அங்கே பனிக்காலத்தில் சாலை வழுக்காமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டாள்.

"உப்பக் கால்ல மிதிக்கச் சொல்றாங்க மங்கலம். நம்ம சாயல்குடி உப்பளத்துல வேலை செய்யிறவுக பாத்தா வயிறு எரிய மாட்டாங்களா?"

அந்தச் சந்தேகத்தை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சலில் கேட்டிருக்கிறாள். அவர்களும் பொறுமையாக, நல்ல காலணி வாங்கிக்கொள்ளும்படி பதில் எழுதியிருந்தார்கள்.

கடைசியாக நார்வே. கடலோர ஊர், படிப்பும் அவள் கேட்ட படிப்பு. கணினி வழியாக நேர்காணல். அன்று விடுதி வார்டனிடம் கெஞ்சி, சட்னி அரைப்பதை ஒத்திவைக்கச் சொன்னேன். மின்விசிறிச் சத்தம் கேட்கும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. ஸ்வெட்டர் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்க, கேமராவில் தெரியாமல் தரையில் உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. முடியும் நேரத்தில், அந்த ஊர்ப் பேராசிரியர் சும்மா பேச்சுக்கு, "உங்கள் குடும்பத்தில் யாராவது வெளிநாடு போயிருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"எங்க அய்யா போயிருக்கார். இலங்கைக்கு. ரெண்டு தடவை" என்றாள் ஆங்கிலத்தில்.

"அருமை! சுற்றுலாவா?"

"இல்லை சார். அரெஸ்ட்."

அட்டை என் கையிலிருந்து விழுந்தது. அந்தப் பக்கம் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். இவளோ நிதானமாக, மீன்பிடிக்கப் போனவர் படகு நீரோட்டத்தில் இழுபட்டு எல்லையைத் தாண்டிவிட்டது, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், தண்ணீர் எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று படிக்கத்தான் உங்களிடம் வருகிறேன் என்று சொல்லி முடித்தாள். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் முழு உதவித்தொகையோடு இடம் கொடுத்துவிட்டார்கள்.

அப்போதாவது துள்ளிக் குதித்திருக்கவேண்டாமா? வருகிறேன் என்று மாத முடிவுக்குள் பதில் போடவேண்டும். இவள் மறுபடியும் ஜெர்மனி வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடலும் இருக்கு, படிப்பும் இருக்கு. இன்னும் என்னதான்டி வேணும் உனக்கு?"

அவள் ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றினாள், இறக்கினாள். "அய்யாட்ட இன்னும் சொல்லல மங்கலம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்ற வீடுகளில் வெளிநாடு என்றால் சென்ட் பாட்டிலும் கம்பளியும் நினைவுக்கு வரும். அவள் வீட்டில் ஜெயில்தான் நினைவுக்கு வரும். அய்யா பிடிபட்ட இரண்டு முறையும் இவள் பள்ளிச் சீருடையோடு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றிருக்கிறாள். அந்த மனிதரிடம் போய், நானும் எல்லையைத் தாண்டப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? நாடு நாடாக நொட்டை சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அதற்குத்தான். அம்மா காதில் மட்டும் லேசாகப் போட்டிருக்கிறாள்.

அம்மா காதில் போட்டது அய்யா காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளை வேட்டி சட்டையில், கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு அவர் விடுதி வாசலில் நின்றார். கருவாட்டு வாசம் வந்தவுடனேயே இவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பார்வையாளர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் எழுந்துபோகப் பார்த்தேன், இவள் என் துப்பட்டாவை விடவில்லை.

"எந்த நாடு தாயி?" என்றார்.

"இன்னும் முடிவு பண்ணல அய்யா. நீங்க வேணாம்னா..."

"அதக் கேக்கல. எந்த நாடுன்னு கேட்டேன். எழுதணும்ல?"

சட்டைப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். கலெக்டருக்கு ஒரு மனு. ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார். நான் சத்தமாகப் படித்தேன்.

"ஐயா, காற்றின் வேகத்தாலும் நீரோட்டத்தாலும் திசைமாறி, கோடிட்ட இடம், நாட்டுக்குள் சென்றுவிட்ட என் மகளை, அவருடைய..." அதற்குப் பிறகு 'படகு மற்றும் வலைகளுடன்' என்பது அடிக்கப்பட்டு, மேலே 'பெட்டி மற்றும் லேப்டாப்புடன்' என்று எழுதியிருந்தது. "...பத்திரமாக மீட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அய்யா, நான் படிக்கத்தான போறேன். அங்கன யாரும் பிடிக்கமாட்டாங்க."

"நானும் மீனு பிடிக்கத்தான் போனேன் தாயி" என்றார். "இப்ப எதுக்குன்னு கேக்காத. அன்னைக்கு உங்கம்மா மனு எழுத ஆளு தேடியே ரெண்டு நாளு அலைஞ்சா. எனக்கு அந்த அலைச்சலு வேணாம். மனு கையில இருந்துச்சுன்னா நான் நிம்மதியா தூங்குவேன். நீ நிம்மதியா படிக்கலாம். நாட்டுப் பேர மட்டும் சொல்லு."

ஸ்வெட்டர் அழுதாள். ஜெர்மனியும் கனடாவும் அந்த இடத்திலேயே காணாமல் போயின. "நார்வே" என்றாள். எழுத்தைக் கேட்டுக் கேட்டு அவரே எழுதினார். 'ர்' மேலுள்ள புள்ளியை இரண்டு முறை அழுத்தி வைத்தார்.

பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார். "நீயும் ஒண்ணு போடு தாயி. ஒத்தக் கையெழுத்துல எந்த மனுவும் நகராது. எங்க ஊருல தெருவே போடும். இங்கன அவளுக்கு யாரு இருக்கா?"

பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு இடம் இருந்தது. அறைத்தோழி என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். அக்கா என்று எழுதினேன்.