பூனையை வெளியேற்ற ஒரு ஃபார்ம்

இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை பூனை இருக்க வேண்டும். போன மாதம் இப்படி ஒரு சபதம் எடுத்தேன். பாத்ரூமில், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டுதான். என் மனைவி சௌமியாவுக்குப் பாம்புக் காது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் அவளுக்கு மூன்றாம் மாதம். பூனை பெயர் டப்பு. அது தூங்குவது என் தலையணையில். நான் தூங்குவது தலையணை இல்லாமல்.

பூனைக் கழிவிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா என்றொரு கிருமி வரலாம், கர்ப்பிணிக்குத் தொற்றினால் கரு கலையலாம், குழந்தைக்குக் கண்ணோ மூளையோ பாதிக்கலாம் என்று செல்போனில் படித்தேன். நிஜமாகவே பயந்தேன். பயத்துக்கு நடுவில் தலையணை ஞாபகமும் வந்தது, பொய் சொல்லக் கூடாது.

நான் ஓசூரில் கியர் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எந்தக் கோளாறுக்கும் எங்களிடம் ஒரு ஃபார்ம் உண்டு. எழுதினேன். பிரச்சினை: கிருமி. காரணம்: பூனை. நடவடிக்கை: பூனையைத் தளியிலுள்ள அக்கா தோட்டத்துக்கு அனுப்புதல். பொறுப்பு: தீர்த்தகிரி, அதாவது நான். பழக்க தோஷத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

"ஏங்க, என்னாது இது?"

"படிச்சுப் பாரு. உன் நல்லதுக்குத்தான்."

படித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட காட்டலாங்க" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

டாக்டர் அனிதா ஃபார்மை முழுசாகப் படித்தார். "ரத்த டெஸ்ட் எழுதறேன். ஆனா பூனைய அனுப்ப வேணாம். வெளிய விடாம வெச்சு, வெந்த சாப்பாடு மட்டும் போடுங்க. அது வெளிக்குப் போற மண் தட்டைத் தினமும் சுத்தம் பண்ணணும். இவங்க தொடவே கூடாது."

"அப்ப யாருங்க மேடம் அள்றது?"

"பொறுப்புன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

சௌமியா தொண்டையைச் செருமினாள். "இவரு ஈரல் அரைவேக்காடா இருந்தாத்தான் ருசின்னு சொல்வாருங்க மேடம்."

"ஐயோ, கூடவே கூடாது. கறி நல்லா வேகணும். காய், கீரை மண்ணு போகக் கழுவணும். தோட்ட வேலையும் இவங்களுக்கு வேணாம்."

"எல்லாத்தயும் அந்த ஃபார்ம்லயே எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்றாள் சௌமியா. " கையெழுத்துக்கு மேல நிறைய எடம் இருக்கு."

ரிசல்ட் வர நாலு நாள் ஆச்சு. நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் இதுவரை வராதவர்களுக்குத்தான் கர்ப்பத்தில் புதிதாக வந்தால் ஆபத்தாம், பிரசவம் வரை ஜாக்கிரதை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் அழுதுவிட்டேன். சௌமியா துப்பட்டாவால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

இப்போது தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் கையுறை மாட்டிக்கொண்டு தட்டை அள்ளுகிறேன். டப்பு பக்கத்தில் உட்கார்ந்து சூப்பர்வைசர் வேலை பார்க்கிறது. நேற்று பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"குழந்தை பொறக்கற வரைக்கும்தானே? அப்புறம் இந்த அள்ளுற வேலை எனக்கு இல்லையே?"

சௌமியா வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"இப்ப நீங்க ட்ரெயினிதாங்க. குழந்தை பொறந்ததும் பர்மனென்ட் பண்ணிடறேன்."